பஸ் சூட்டில் கெட்ட ரத்தம்

எண்பதுகளின் நடுவில், ஏற்காட்டில் சபைக்காரர்கள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் வேலை பார்த்தேன். கதவில் ‘ஆய்வகம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், கையால் சுற்றும் ஒரு எந்திரம், அப்புறம் நான். இந்த நால்வரில் மைக்ராஸ்கோப்புக்குத்தான் மரியாதை அதிகம். மழைக்காலத்தில் அதன் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிடக் கூடாதென்று பெட்டிக்குள் ஒரு பல்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதே மழைக்காலத்தில் எனக்குச் சளி பிடித்து மூன்று வாரம் இருமினேன். ஏன் என்று கேட்க நாதியில்லை.

அங்கேதான் சமவெளியில் ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். எந்தக் கல்லூரி, யார் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் கழித்து அவர் மானத்தை வாங்கி எனக்கு என்ன ஆகப்போகிறது? ஏற்காடு குளிரும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது. சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டையும் கழுத்தில் மப்ளருமாக வந்து, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே தன் ஆராய்ச்சியை எங்களுக்கு விளக்கினார்.

நெஞ்சில் பலமாக அடிபட்டவர்களின் உடம்பு உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. விலா எலும்பு முறிந்தால், ஒரு கிருமிகூட உள்ளே நுழையாவிட்டாலும், உடம்பு ஏதோ படையெடுப்பு வந்துவிட்டதென்று எடுத்துக்கொள்ளுமாம். ரத்தத்தில் வெள்ளை அணுக்களைத் திரட்டுமாம். உடம்பு சுடும், வீங்கும், வலிக்கும். இரண்டு மூன்று நாள் இந்த அமர்க்களம் ஏறிக்கொண்டே போகும். அப்புறம், சண்டை போட எதிரில் ஆளே இல்லை என்று தெரிந்து, தானாக இறங்கும். இதை ஒரு கவரின் பின்பக்கம் பேனாவால் வரைந்து காட்டினார். ஏறி, உச்சி தொட்டு, இறங்கும் ஒரு வளைவு. இன்னும் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்கவில்லை. அதற்குள் முடிவு தயாராக இருந்தது. அடேயப்பா, இதுவல்லவா திட்டமிடுதல் என்று நினைத்துக்கொண்டேன்.

“இந்த ஆராய்ச்சிக்கு இது அருமையான இடம்மா,” என்றார் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்து. உண்மைதான். சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறி விழுகிறவர்கள், ஜீப்போடு உருளுகிறவர்கள், காப்பி மூட்டையோடு சரிவில் சறுக்குகிறவர்கள் என்று எங்கள் மலையில் நெஞ்சில் அடிபடுவதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் விழுவதைப் பார்த்து ஒரு மனிதர் இப்படி மனம் குளிர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

என் வேலை என்ன என்பதையும் அவரே சொன்னார். அடிபட்டவர் வந்ததும் ஒரு தடவை, பிறகு ஏழு நாள் காலையில் ஒவ்வொரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும். டப்பாவில் வைத்து ஒன்பதரை மணி பஸ்ஸில் கீழே அனுப்ப வேண்டும். கல்லூரியில் மெஷின் வெள்ளை அணுக்களை எண்ணும். சாயங்கால பஸ்ஸில் கணக்குச் சீட்டு மேலே வரும்.

“நானே எண்ணுவேன் சார், மைக்ராஸ்கோப்பில்,” என்றேன். ஏழு வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

“கையால எண்றதெல்லாம் பழைய காலம்மா. ஆளுக்கு ஆள் மாறும். மெஷினுக்குக் கண்ணு வலிக்காது, வீட்டு ஞாபகம் வராது. நீ எடுத்து அனுப்பு, போதும்.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அடுத்த வாக்கியத்தில், “கட்டுரைல உன் பேரும் வரும்,” என்றார். வந்த கோபம் அப்படியே உள்ளே போய்விட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அச்சில் என் பெயரைப் பார்க்கும் ஆசையில் வாயை மூடிக்கொண்டேன்.

இனி அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகலூரில் கிளம்பி ஏற்காடு வந்து, குப்பனூர் வழியாகச் சேலம் இறங்கும் தனியார் பஸ். கடிதம், மருந்து, மாதா கோயில் மெழுகுவத்தி, காப்பி நாற்று, சம்பந்தி வீட்டுக்குப் பலாப்பழம், எல்லாம் அதில்தான் போகும், வரும். டிரைவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். மரியாதை தெரிந்த மனிதர் என்றால் அப்படி ஒரு மரியாதை. வளைவில் மாடு குறுக்கே நின்றால், “ஏனுங்க, செத்த ஒதுங்குங்க” என்பார், மாட்டிடம். பஸ்ஸை மட்டும் கண்ணு என்று கூப்பிடுவார். “ஏறு கண்ணு, ஏறு கண்ணு” என்று மேட்டில் அவர் கெஞ்சுவது முன் சீட்டுக்காரர்களுக்குக் கேட்கும்.

முதல் இரண்டு வாரம் அனுப்பிய ரத்தத்துக்கெல்லாம் அபத்தமான கணக்கு வந்தது. வெள்ளை அணுவே இல்லை என்கிற மாதிரி. பேராசிரியர் டிரங்க் கால் போட்டு, “பிணத்துலேருந்து எடுத்து அனுப்பறியா?” என்று கேட்டார். மறுநாள் நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒளிந்து நின்று பார்த்தேன். டிரைவர் என் டப்பாவை வாங்கி, கர்ச்சீப்பால் துடைத்து, தன் பக்கத்தில் கொதிக்கிற என்ஜின் பானெட் மேல் வைத்து, சொந்தத் துண்டால் போர்த்திவிட்டார்.

“ஏனுங்கண்ணா, என்ன பண்றீங்க?” என்று கத்தினேன்.

“மலக்குளுருங்க அம்மிணி. ரத்தம் ஒறஞ்சு போயிருமில்லீங்க? அதான் பதமா சூடு காட்டறேனுங்க.”

இரண்டு வாரமாக அடிபட்டவர்களின் ரத்தத்தைப் பதமாக வேகவைத்திருக்கிறார், அவ்வளவு அன்போடு. வாய்க்கு வந்தபடி திட்டினேன். சூட்டில் அணுக்கள் வெடித்து அழிந்துவிடும், அதனால்தான் எண்ணிக்கை குறைகிறது என்று விளக்கினேன். மனிதர் முகம் சுருங்கிப் போனது. “நொம்பத் தப்பு பண்ணிப்போட்டேனுங்க,” என்று பஸ்ஸைப் பார்த்தே சொன்னார். அன்றைக்கே ஒரு பிஸ்கட் தகரத்தில் மணல் நிரப்பி, தண்ணீர் தெளித்து, அதற்குள் ரத்தக் குழாய்களை நிற்கவைத்தார். தகரம் ஜன்னலோரம் காற்றுப்படும் இடத்தில் இருக்கும். குப்பனூரில் எல்லோரும் டீ குடிக்கும்போது அவர் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பார். கண்டக்டர்கூட அதைத் தொடக் கூடாது. அதன்பிறகு ஒரு குழாய்கூடக் கெடவில்லை.

சாயங்காலம் கணக்குச் சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுப்பதும் அவர்தான். அதற்கு முன் வழியெல்லாம் அதைப் படித்துவிட்டிருப்பார். எட்டாவது வரை படித்தவர். “நம்ம ரத்தம் இன்னிக்கு எறங்கியிருக்குதுங்க அம்மிணி,” என்பார் சந்தோஷமாக. யார் ரத்தமானாலும் அவருக்கு நம்ம ரத்தம்தான். நோயாளியின் பெண்டாட்டிக்கு நான் சொல்வதற்கு முன்பே நாகலூர்க் கடைத்தெரு முழுக்க விஷயம் தெரிந்திருக்கும். ரகசியம் காப்பது பற்றிப் பேராசிரியர் எங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தார், பாவம்.

டிரைவர் திருந்திவிட்டார், பேராசிரியர்தான் கெட்டுப்போனார். பஸ் சூடு என்ற சமாசாரம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவருடைய வளைவில் உட்காராத எந்தக் கணக்கு வந்தாலும் பஸ் சூடு. ஒருத்தருக்கு ஏறவே இல்லையா? பஸ் சூடு. ஒருத்தருக்கு முதல் நாளே இறங்கிவிட்டதா? பஸ் சூடு. கடைசியில் சேலத்தில் சொல்லி ஒரு ரப்பர் முத்திரையே செய்து அனுப்பிவிட்டார்: ‘போக்குவரத்தில் கெட்டது’. அந்த முத்திரை குத்திய சீட்டு நோயாளியின் கேஸ் தாளுக்குப் போகாது; டாக்டரின் கண்ணில் படாமல் தனி ஃபைலுக்குப் போய்விடும். மணல் தகரம் வந்தபிறகு எதுவும் கெடவில்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். “உனக்கு அனுபவம் போதாதும்மா,” என்றார். நான் குத்தினேன். சும்மா சொல்லக் கூடாது, நேராக, மை தீற்றாமல், அழகாகக் குத்துவேன்.

இப்படியே ஒரு வருஷம் போனது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை, குப்பனூர் சாலையில் எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் தடுமாறி நம் பஸ்ஸின் பாதைக்கே வந்தது. டிரைவருக்கு இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மலை. லாரியின் மூக்கு உரசிப் போன கையோடு பஸ்ஸை ஒடித்து மலையில் முட்டினார். பயணிகளுக்குச் சிராய்ப்பு, வாந்தி. ஸ்டீயரிங் நெஞ்சில் ஏறியது அவருக்கு மட்டும்தான். முப்பது நாற்பது உயிரைக் காப்பாற்றியவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் என்ன பேசினார்கள் தெரியுமா? நாலு கூடை முட்டையோடு வந்த ஒரு அம்மா, பாதி உடைந்துபோச்சு, இதற்கு யார் பொறுப்பு என்று நின்றாள். இன்னொருத்தர், சேலம் கோர்ட்டில் வாய்தா, அடுத்த பஸ் எப்போது என்றார்.

இடது பக்கம் நாலு விலா முறிவு. நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் ரத்தம் தேங்கியிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. டாக்டரம்மா எங்கள் ஆஸ்பத்திரியின் ஒரே டாக்டர். அறுபதை நெருங்கியவர், வாய் துடுக்கு, கை பொன். “தானா உறிஞ்சிக்கும். அசையாமப் படுத்திருங்க. ஜுரம் கிரம் வந்தா கவனிக்கணும், அந்த ரத்தத்துல கிருமி சேந்துதுன்னா சீழ் கட்டிடும்,” என்றார். இதுதான் விஷயம். அமர்க்களம் வெறும் அடியால் என்றால் தானாக இறங்கிவிடும். மனிதர் பிழைத்து பஸ் ஓட்டப் போவார். இறங்கியது மறுபடி ஏறினால், உள்ளே சீழ். அந்த இரண்டில் எது என்று சொல்ல என் கையில் இருந்தது அந்தச் சாயங்காலச் சீட்டு ஒன்றுதான்.

டிரைவரும் ஆராய்ச்சியில் சேர்ந்தார். சேர்க்காமல் விடுவார்களா? நெஞ்சில் அடி, வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பாடம் நடத்த வரைந்த மாதிரி கேஸ் என்று போனில் பேராசிரியர் குரல் துள்ளியது. அவருடைய ரத்தத்தை நான் எடுக்க, அவருடைய பஸ்ஸிலேயே, மாற்று டிரைவராக வந்த ஒரு இளவட்டம் கொண்டுபோனது. படுக்கையிலிருந்தபடியே அந்தப் பையனுக்கு வகுப்பு எடுத்தார்.

“மண்ணு காயக் கூடாது சாமி. குப்பனூர்ல ஒருக்கா, அயோத்தியாப்பட்டணத்துல ஒருக்கா தண்ணி தெளிக்கோணும். பானெட் பக்கம் வெச்சீன்னா நா எந்திரிச்சு வந்து ஒதைப்பேன்.”

செவ்வாய் ஏறியது, புதன் இன்னும் ஏறியது, வியாழன் இறங்கியது. வளைவு அப்படியே பேராசிரியரின் கவரில் இருந்த மாதிரி. டிரைவரின் மனைவி தினமும் ஆட்டு ஈரல் வறுத்துக்கொண்டு வந்தாள். நான் எடுக்கிற ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு தூக்குப்போசி ஈரல் என்பது அவள் கணக்கு. “ஏனுங்க, இத்துனூண்டு ரத்தத்துக்கு இத்தன ஈரலான்னு கேக்கறாருங்க. நீங்களே சொல்லுங்க,” என்று என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்தாள். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்தால் நெஞ்சு வலித்தது அவருக்கு. அதனால் மறுபடி சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாற்று டிரைவர் சீட்டோடு வந்தான். பழக்கப்படி முதலில் கட்டிலுக்குப் போய் அண்ணனிடம் காட்டிவிட்டு, அப்புறம் என்னிடம் கொடுத்தான். கணக்கு ஏறியிருந்தது. புதன்கிழமை உச்சியையும் தாண்டி. அன்று காலையிலிருந்தே அவருக்கு லேசாகக் காய்ச்சல். அடிபட்ட உடம்பு, இருக்கத்தான் செய்யும், நேற்றுக் கணக்கு இறங்கியிருக்கிறதே என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

டிரங்க் கால் கிடைக்க முக்கால் மணி நேரம். பேராசிரியர் பதில் சொல்ல ஒரு நிமிஷம். “நேத்து இறங்கினது இன்னைக்கு எப்படிம்மா ஏறும்? புது டிரைவர் வேற. பஸ் சூடு. முத்திரை குத்திடு.”

வார்டு வழியாகத் திரும்பி வந்தேன். அவர் கூப்பிட்டார். “கூடியிருக்குதாட்ட இருக்குதுங்களே அம்மிணி?”

“பஸ் சூடுங்கண்ணா. கெட்டுப்போச்சு.”

நான்கு நாளாக முனகாத மனிதர், படுக்கையில் கையூன்றி எழப் பார்த்தார். “அதெப்பிடிங்க? பையன் பானெட் மேல வெக்கலீங்க. நா கேட்டுட்டேன். சத்தியம் பண்ணுறான். எம்பட வண்டி மேல பழி போடாதீங்க.”

“வண்டி மேல யாரும் பழி போடல. படுங்க.”

ஆய்வகத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். மைக்ராஸ்கோப் அங்கேதான் இருந்தது, பல்பு வெளிச்சத்தில், மாப்பிள்ளை மாதிரி. விரலில் ஒரு சொட்டு எடுத்து எண்ணிப் பார்க்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். கையால் எண்ணாதே என்றுதான் உத்தரவாயிற்றே. கட்டுரையில் பெயர் வரப்போகிறதே. முத்திரையை எடுத்துக் குத்தினேன். குத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை ரவுண்டில் டாக்டரம்மா அவர் கட்டில் பக்கத்தில் நின்று என்னைக் கேட்டார்: “நேத்து சீட்டு வந்துதா?”

“பஸ் சூட்டுல கெட்டுப்போச்சு டாக்டர்.”

“சரி, இன்னைக்குப் பாப்போம்,” என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலச் சீட்டில் கணக்கு இன்னும் ஏறியிருந்தது. இந்தத் தடவை மாற்று டிரைவர் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “அக்கா, அண்ணன் உங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாருங்க.”

போனேன். முகம் வேர்த்து, மூக்கு விடைத்து, சின்னச் சின்னதாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். காலையில் இப்படி இல்லை. இருந்தாலும் அவர் பேச வந்தது தன் மூச்சைப் பற்றி அல்ல. வண்டி நியாயம்.

“அம்மிணி, ஒண்ணு கேக்கறேன். பஸ் சூட்டுல ரத்தம் கெட்டா, அணு வெடிச்சு அழிஞ்சிரும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

“ஆமா.”

“நாலு கூடை முட்டை ஏத்துறோம். வழியில ஒடஞ்சுபோவுது. எறக்கறப்ப எண்ணுனா கொறயத்தானுங்களே செய்யும்? கூடுமுங்களா?”

சேசுவே, கூடுமா? ஒரு வருஷமாக ஒரு பேராசிரியர், அவருடைய மாணவர்கள், அவர்களுடைய மெஷின், எட்டு வருஷ அனுபவமுள்ள நான், இத்தனை பேரும் சேர்ந்து யோசிக்காத ஒன்று. சூட்டில் கெட்டால் குறையும். ஏறினால் அது கெட்டதே இல்லை. உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வண்டியின் மானத்தைக் காப்பாற்ற இந்த மனிதர் படுத்த படுக்கையில் நாள் முழுக்க இதை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். தன் நெஞ்சுக்குள் சீழ் கட்டுகிறது என்பதைத்தான் தானே நிரூபிக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அங்கேயே அவர் விரலில் குத்திச் சொட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், கட்டம் கட்டமாக வெள்ளை அணுக்கள், சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டம் போல இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. முழுக்க எண்ணக்கூட இல்லை. டாக்டரம்மா மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். பாட்டு நடுவில் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் ஆர்மோனியத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

ஊசியை விலாவுக்கு நடுவே இறக்கினார். கஞ்சி மாதிரி வந்தது, அதுவும் கொஞ்சம்தான். மீதி கெட்டியாகி ஊசியில் ஏறவில்லை. விலா இடுக்கில் குழாய் போட்டு, பாட்டிலில் வடியவிட்டார். கையைக் கழுவிக்கொண்டே, “நேத்தே தெரிஞ்சிருந்தா ஊசியிலயே வந்திருக்குமோ என்னவோ,” என்றார் பொதுவாக. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, வார்டே கேட்கும்படி சொன்னார்: “மெஷினை நம்பாமக் கண்ணால எண்ணிப் பாத்தா பாரு, இவதான் இந்த ஆளைக் காப்பாத்தினது.”

நான் அப்போது சொல்லியிருக்கலாம். நேற்றே தெரியும் டாக்டர், முத்திரை குத்தி மறைத்தது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். முட்டைக் கணக்கு டிரைவருடையது என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் மனைவி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எங்க ஊட்டு வெளக்கக் காப்பாத்துனீங்க சாமி,” என்று அழுதாள். நான் அவளைத் தேற்றினேன், நல்ல பெண் மாதிரி. கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். எல்லாம் கேட்டது அவருக்கு. ஒரு வார்த்தை பேசவில்லை.

குழாய் ஒன்றரை மாதம் இருந்தது. உயிர் தங்கியது, நுரையீரல் தங்கவில்லை. இடது பக்கம் விலாவோடு ஒட்டி இறுகிப் பாதி சுருங்கிவிட்டது. மலைப் பாதையில் இனி ஸ்டீயரிங் பிடிக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பஸ் முதலாளி நல்லவர். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் வண்டிகள் வருகிற, போகிற நேரத்தைக் குறிக்கும் வேலை கொடுத்தார். இருபது வருஷம் ஓட்டியவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த இளவட்டம் தன் வண்டியை வளைத்துத் திருப்புவதைப் பார்த்து மணி எழுதினார்.

கட்டுரை அடுத்த வருஷம் வந்தது. பேராசிரியர் தானே மலையேறி வந்து ஒரு பிரதியை எனக்குக் கொடுத்தார். இந்தத் தடவை மப்ளர் இல்லை, மழையில் நனைந்து நடுங்கினார். வளைவு அச்சில் இன்னும் அழகாக இருந்தது. ஏறி, உச்சி தொட்டு, ஒரு பிசிறில்லாமல் இறங்கியது. போக்குவரத்தில் கெட்ட சில மாதிரிகள் நீக்கப்பட்டன என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. நீக்கப்பட்டவர்களில் எங்கள் டிரைவரும் ஒருவர். வெள்ளி, சனிக் கணக்கை எடுத்துவிட்டால் ஆளையே எடுத்துவிட வேண்டியதாயிற்றாம். சீழ் கட்டியதைச் சொன்னேன். “அது வேற சப்ஜெக்ட்மா,” என்றார். என் பெயரும் இருந்தது, கடைசிப் பக்கத்தில், நன்றி என்ற தலைப்பில், எழுத்துப் பிழையோடு. வாங்கிக்கொண்டேன்.

ஆறேழு வருஷம் அந்த மனிதரைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பஸ் ஸ்டாண்டுக்குப் போக நேர்ந்தால் பின்பக்கச் சந்து வழியாகப் போய், வண்டி நகரும்போது ஓடி ஏறுவேன். அவர் மனைவி கிறிஸ்துமஸுக்கு, எங்கள் வீட்டுக்கு, தவறாமல் பலகாரம் கொடுத்து அனுப்புவாள். அதைத் தின்பதற்குப் பதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். பெரிய தியாகம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், நாகலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்து நல்ல மழையில் மாட்டிக்கொண்டேன். ஒதுங்க இடம் அவருடைய தகரக் கூரை ஒன்றுதான். ஸ்டூலை எனக்குத் தள்ளிவிட்டு அவர் சுவரில் சாய்ந்து நின்றார். மெலிந்திருந்தார். உட்காருங்கள் என்று நான் சொல்ல, நீங்க உக்காருங்க என்று அவர் சொல்ல, கடைசியில் இரண்டு பேரும் நின்றோம். மழைச் சத்தத்தில் எனக்கு எப்படியோ தைரியம் வந்துவிட்டது.

“ஏனுங்கண்ணா, அன்னைக்கு வெள்ளிக்கிழமைச் சீட்டு. உங்களுக்குத் தெரியுமில்ல. கெடாத சீட்டக் கெட்டுப்போச்சுன்னு டாக்டரம்மாகிட்டச் சொன்னேன். முட்டைக் கணக்கும் நீங்க சொன்னது. ஏன் யார்கிட்டயும் சொல்லல? உங்க வீட்டம்மாகிட்டக்கூடச் சொல்லலயே?”

ஒரு வண்டி வந்து நின்றது. அவர் நோட்டில் நேரத்தை எழுதினார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

“சொல்லத்தானுங்க இருந்தேன். நொம்பக் கோவம் எனக்கு. கொழா எடுக்கட்டும், எந்திரிச்சு உக்காந்து சொல்லிப்போடோணும்னு இருந்தேன். அதுக்குள்ள டாக்டரம்மா வந்து, இனி வண்டி தொடாதேன்னுட்டாங்க. சொன்னா உங்க வேலையும் போயிருமுங்க. எம்பட வேல போயி நா படற பாடு போதாதா, இன்னொருத்தருக்கும் எதுக்குன்னு உட்டுட்டேன்.”

இவ்வளவையும் சொல்லி முடிக்க, அவர் நாலு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.